இரண்டாவது கியரின் முறைப்பாடு

நாட்டு நடப்பை எழுதாவிட்டால் கோபித்துக்கொள்ளும் வாசகர்கள் சிலர் எனக்கு உண்டு. இம்முறை அவர்கள் பொறுத்தருள வேண்டும். அரசியலை ஒருபுறம் வைத்துவிட்டு, உள்ளங்கையில் வைத்தால் குழந்தையின் காப்பைப்போலத் தோன்றும் ஒரு பித்தளை வளையத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். கையால் கியர் மாற்றும் கார்களின் கியர்பொக்ஸினுள் இருக்கும் சிங்க்ரோ வளையமே அது. கலைப்பட்டதாரியான உமக்கும் இயந்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். பத்திரிகைத் தொழிலே அந்தத் தொடர்பை ஏற்படுத்தியது.

"வேகக் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் பள்ளத்தில் வீழ்ந்து விபத்துக்குள்ளானது" என்ற வாக்கியம் எங்கள் செய்தி மேசைகளில் ஏறக்குறைய ஆயத்தமாகவே இருக்கும். ஊரின் பெயரையும் காயமடைந்தோரின் தொகையையும் மாற்றினால் போதும். வேகக் கட்டுப்பாடு ஏன் இழக்கப்பட்டது என்பதை அந்த வாக்கியம் சொல்வதில்லை. சாரதி கண்ணயர்ந்திருக்கலாம். பிரேக் சூடேறிப் பிடிக்காமற் போயிருக்கலாம். மூன்றாவது கியரிலிருந்து எடுத்த கை இரண்டாவது கியரைக் காணாமல் தடுமாற, எந்தக் கியரிலும் இல்லாத வாகனம் இறக்கத்தில் தன்பாட்டில் உருண்டிருக்கவும் கூடும். கடைசியாகச் சொன்னது நேரும்போது, அதன் பின்னால் தேய்ந்துபோன அந்தச் சிறிய வளையம் இருக்கக்கூடும்.

அந்த வளையம் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கார் ஓடும்போது கியர்பொக்ஸினுள் இரண்டு வேகங்கள் உண்டு. எஞ்சினிலிருந்து கிளச் வழியாக வரும் தண்டின் வேகம் ஒன்று; சில்லுகளோடு தொடர்புள்ள தண்டின் வேகம் மற்றையது. கியரை மாற்றும்போது வெவ்வேறு வேகத்தில் சுழலும் இவ்விரண்டையும் புதியதொரு விகிதத்தில் இணைக்கவேண்டும். வேகங்கள் ஒத்துவராத நிலையில் இணைக்க முற்பட்டால் பல்லோடு பல் மோதும். பழைய கார்கள் அவ்வாறுதான் கரகரத்தன. ஒவ்வொரு சாரதியும் தன் காதினாலும் காலினாலும் அந்த வேகங்களைச் சமப்படுத்தப் பழகவேண்டியிருந்தது.

அமெரிக்கப் பொறியியலாளரான ஏள் தொம்சன் இதற்கு ஒரு வழி கண்டார். அவருடைய அமைப்பு 1928 இல் கடிலாக் கார்களில் அறிமுகமாயிற்று. பற்கள் சேர்வதற்கு முன்பாக, கூம்பு வடிவான இரண்டு பரப்புகளை ஒன்றோடொன்று உரசவிட்டு வேகங்களைச் சமப்படுத்துவதே அதன் சாரம். பின்னர் இது பலவாறு திருத்தம் பெற்றது. இன்று பரவலாக உள்ள அமைப்பில், கியர்ச் சில்லின் பக்கத்தில் உருக்கினாலான ஒரு கூம்பு இருக்கும். அதன்மேல் தொப்பிபோலப் பொருந்துவது பித்தளை வளையம். வளையத்தின் உட்புறத்தில் மிக நுண்ணிய வரிகள் வெட்டப்பட்டிருக்கும். கூம்பின் மீதுள்ள எண்ணெய்ப் படலத்தை ஊடறுத்து உலோகத்தைப் பற்றிக்கொள்வதற்காகவே அந்த வரிகள்.

வளையத்தின் வெளிப்புறத்தில் சிறு பற்கள் உண்டு. வேகங்கள் சமப்படும் வரை அந்தப் பற்கள் சற்றே விலகி நின்று, கியர்த் தடி தள்ளிவரும் உறையைத் தடுக்கும். சமப்பட்டதும் உரசல் விசை இல்லாமற் போகும். வளையம் சற்றே திரும்பி வழிவிடும். உறை வழுக்கிச் சென்று கியரைப் பற்றிக்கொள்ளும். இவ்வளவும் ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் நடந்து முடிகின்றன. நாம் உணர்வதெல்லாம் கையில் தட்டும் ஒரு மெல்லிய தயக்கமும், அதற்குப் பிறகு "டக்" என்று விழுவதும் மாத்திரமே.

அந்தத் தயக்கம் வளையம் தன் வேலையைச் செய்யும் நேரம். அதைக்கூடப் பொறுக்காத கைகளே வளையத்தை விரைவில் அழிக்கின்றன.

எல்லா வளையங்களும் ஒரேயளவில் தேய்வதில்லை. பெரும்பாலான கார்களில் முதலில் முறைப்பாடு செய்வது இரண்டாவது கியர்தான். காரணத்தைக் கணக்கிட்டே காட்டலாம். எங்கள் நாட்டவர் நன்கறிந்த மொறிஸ் மைனரின் கியர் விகிதங்கள் முதலாவதிலிருந்து நான்காவது வரை ஏறத்தாழ 3.6, 2.4, 1.4, 1 என அமைந்தவை. சில்லுகளுக்குச் செல்லும் தண்டு நிமிடத்துக்கு 1,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் பக்கத் தண்டு நான்காவதில் 1,000 முறையும், மூன்றாவதில் 1,400 முறையும், இரண்டாவதில் 2,400 முறையும் சுழலவேண்டும். நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கும்போது வளையம் சமப்படுத்த வேண்டிய வித்தியாசம் 400 சுற்றுகளே. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போதோ அது 1,000 சுற்றுகள். நகர நெரிசலிலும் மலை வீதிகளிலும் நாம் ஒரு நாளில் எத்தனை முறை இரண்டாவது கியருக்கு வருகிறோம் என்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். வீட்டில் மிகக் கூடுதலாக வேலை செய்பவர் முதலில் நோயில் விழுவதைப் போன்றதே இது.

மொறிஸ் மைனர் 1948 இல் அறிமுகமாகி 1971 வரை உற்பத்தியான கார். கடைசி வரையிலும் அதன் முதலாவது கியருக்கு சிங்க்ரோ வழங்கப்படவில்லை. மேலே உள்ள மூன்று கியர்களுக்கு மாத்திரமே அந்த வசதி. ஒஸ்ரின் ஏ-40 காரும் அப்படியே. ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாவது கியருக்கு வரவேண்டுமென்றால் சாரதிக்கு வித்தை தெரிந்திருக்க வேண்டும். அந்த வித்தையை அதன் முழு மேன்மையோடும் நான் கண்டது யாழ்ப்பாணத்தில், தொண்ணூறுகளின் முற்பகுதியில்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோயிற்று. மின்சாரமும் இல்லை. அக்காலத்தில் எங்களைச் சுமந்தவை சைக்கிள்களும், ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் செய்யப்பட்ட பழைய பிரித்தானியக் கார்களுமே. நெருக்கல் விகிதம் குறைந்த அந்த எஞ்சின்கள் மண்ணெண்ணெயிலும் ஓடின. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் கிளம்பும் புகையும் மணமும் அந்தக் காலத்தில் வாழ்ந்த எவருக்கும் மறக்காது. உதிரிப்பாகம் என்பது கனவாகிவிட்ட அந்த நாட்களில், தேய்ந்தது எதுவோ அது தேய்ந்ததாகவே ஓடியாக வேண்டும்.

எங்கள் அயலில் ஹயர் ஓடிய அண்ணை ஒருவரிடம் ஒஸ்ரின் ஏ-40 ஒன்று இருந்தது. அதில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் சிங்க்ரோ என்று ஒன்று மிஞ்சியிருக்கவில்லை. கடைசல் பட்டறைக்காரரிடம் கேட்டிருக்கிறார். பித்தளையில் வளையம் கடைந்து தரலாம், ஆனால் கூம்பின் சரிவைச் சரியாகக் கொண்டுவர முடியாது என்று அவர் சொல்லிவிட்டாராம். அவர் சொன்னது நியாயமே. அந்தச் சரிவு பொதுவாக 6, 7 பாகை அளவிலேயே இருக்கும். சற்றுக் கூடினால் பிடிக்காது. சற்றுக் குறைந்தால் பிடித்தது விடாது.

1993 இல் ஓர் இரவு. பிரசவ வேதனை மூன்றாம் நாளாக நீடித்த ஒரு பெண்ணை வடமராட்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. துணைக்கு நானும் முன்னாசனத்தில் ஏறிக்கொண்டேன். விளக்கை மங்கலாக வைத்தபடி வல்லை வெளியைக் கடந்தோம். வீதி முழுவதும் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் கியர் இறங்கவேண்டும், பிறகு ஏறவேண்டும். பின்னாசனத்தில் தாயின் மடியில் தலைவைத்துக் கிடந்த அந்தப் பெண் ஒவ்வொரு குலுக்கலுக்கும் முனகினாள். ஆனால் அவ்வளவு தூரத்திலும் கியர்பொக்ஸ் ஒருமுறைதானும் கரகரக்கவில்லை. வண்டி ஒருமுறைதானும் வெட்டி இழுக்கவில்லை.

நான் அவருடைய கால்களைக் கவனித்தேன். கிளச்சை மிதித்து நியூற்றலுக்கு எடுப்பார். கிளச்சை விடுவார். அக்சிலேற்றரை அளவாக ஒரு தட்டுத் தட்டுவார். மறுபடி கிளச்சை மிதித்துக் கீழ்க் கியருக்குக் கொண்டுவருவார். தடியைப் பிடித்தது இரண்டு விரல்கள் மாத்திரமே. இறந்துபோன சிங்க்ரோ செய்திருக்க வேண்டிய வேலையை அவருடைய வலது கால் செய்துகொண்டிருந்தது.

"எப்பிடி அண்ணை, சத்தமே இல்லை?" என்று கேட்டேன்.

"தம்பி, கியரைத் தள்ளக்கூடாது. அது தானா விழவேணும். ரெண்டும் ஒரே வேகத்திலை சுத்தேக்கை பல்லுக்குப் பல்லோடை என்ன கோவம்?" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு விடிவதற்கு முன்னரே ஆண்குழந்தை பிறந்தது. இரட்டைக் கிளச் என்று சொல்லப்படும் அந்த முறையை நானும் பின்னாளில் பழகிக்கொண்டேன். உண்மையில், கிளச்சை இடையில் விட்டு மறுபடி மிதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நியூற்றலில் இருக்கும்போது கிளச்சை விட்டால்தான் எஞ்சினின் வேகம் உட்தண்டுக்குப் போய்ச் சேரும். கிளச்சை மிதித்தபடியே அக்சிலேற்றரை அழுத்துவதால் கியர்பொக்ஸுக்கு ஒரு பயனும் இல்லை.

இனி அண்மைக்கால விடயத்துக்கு வருகிறேன். கொழும்பில் நான் பல ஆண்டுகள் வைத்திருந்த சிறிய கார் ஒன்றை 2023 இல் விற்க நினைத்தேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போதும் திறக்கப்படவில்லை. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஆகவே பழைய கார்களின் விலை, வாங்கிய விலையையும் தாண்டி ஏறியிருந்த காலம் அது. என் காரின் இரண்டாவது கியர் சில மாதங்களாகக் காலை வேளைகளில் முனகத் தொடங்கியிருந்தது. எண்ணெய் குளிர்ந்து தடித்திருக்கும்போது வளையத்தின் வரிகள் எண்ணெய்ப் படலத்தை ஊடறுக்கச் சிரமப்படும். எனவே தேய்வின் முதல் அடையாளம் பெரும்பாலும் காலையிலேயே தெரியும்.

தரகர் வந்து ஓட்டிப் பார்த்தார். வண்டியை நிறுத்திவிட்டு, "ஐயா, கியர்பொக்ஸைக் கழற்றப் போகாதீங்க. எண்ணெயை மாத்தி, தடிச்ச எண்ணெயா விட்டு, சூடாக்கி வச்சிட்டா ஓட்டிப் பார்க்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது. இந்த விலைக்கு ஆள் ரெடி" என்றார். அவர் கெட்ட மனிதரல்லர். அந்தச் சந்தையின் வழக்கத்தையே சொன்னார்.

வாங்க வந்தவர் நுவரெலியாப் பக்கத்தைச் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியர். மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்திருந்தார். றம்பொடை வழியாகவே நாளாந்தம் போய்வரவேண்டும் என்றார். றம்பொடைக் கணவாயை அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வளைவுக்கு மேல் வளைவாக இறங்கும் அந்த வீதியில் இரண்டாவது கியர் என்பது இன்னொரு பிரேக். எஞ்சின் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். கால்பிரேக் சூடாகாமல் மிஞ்சும். மழையில் நனைந்த ஒரு வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து எடுத்தபின் இரண்டாவது விழாமல் கரகரத்தால், பழக்கமில்லாத சாரதி தடியைப் பார்ப்பார், வீதியைப் பார்க்கமாட்டார். அடுத்த நாள் பத்திரிகையில் அந்த ஆயத்த வாக்கியம் வரும்.

அவரிடம் விடயத்தைச் சொன்னேன். திருத்தியபின் தருவதாகவும், விலை கூடாது என்றும் சொன்னேன். தரகர் என்னைப் பரிதாபத்தோடு பார்த்தார்.

தெகிவளையில் எனக்குத் தெரிந்த கராஜ் ஒன்றில் வேலை தொடங்கியது. அங்குள்ள பாஸ் உடனே கியர்பொக்ஸில் கைவைக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, வண்டி நின்ற இடத்திலேயே கிளச்சை முழுவதுமாக மிதித்து, சில செக்கன்கள் பொறுத்து, ரிவர்ஸ் கியரைப் போட்டார். சத்தமின்றி விழுந்தது. "கிளச் சரியா வெட்டுது சேர். அதிலை பிழையில்லை" என்றார். இது எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய சோதனை. கிளச் முழுமையாக விலகாவிட்டால் எல்லாக் கியர்களும் முரண்டுபிடிக்கும், ரிவர்ஸ் கரகரக்கும். அதற்குக் கியர்பொக்ஸைத் திறப்பது வீண் செலவு. ஓடும்போது ஒரு கியர் மாத்திரம் கரகரத்தால் அதன் சிங்க்ரோவையே சந்தேகிக்க வேண்டும்.

திறந்தபின் அந்த வளையத்தை என் கையில் தந்தார். உட்புறத்தில் இருக்கவேண்டிய கூரிய வரிகள் மழுங்கி, மெருகேற்றிய பாத்திரம்போலப் பளபளத்தன. அதைக் கூம்பின் மேல் வைத்து அழுத்தித் திருகச் சொன்னார். வழுக்கிச் சுழன்றது. மூன்றாவதன் வளையத்தை அவ்வாறே செய்து பார்த்தேன், இறுகப் பிடித்தது. பிறகு வளையத்துக்கும் கியர்ச் சில்லுக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தகட்டளவி கொண்டு அளந்தார். வளையம் தேயத்தேயக் கூம்பின்மேல் கூடுதலாக இறங்கிவிடும்; இடைவெளி குறையும். வண்டிக்கு வண்டி இந்த அளவு மாறுமாயினும், புதிதில் 1 மில்லிமீற்றர் அளவில் இருப்பது வழக்கம். என்னுடையது 0.3 மில்லிமீற்றராக இருந்தது. இடைவெளி அற்றுப்போனால் வளையம் சில்லின் முகத்தில் முட்டி நிற்கும். எவ்வளவு அழுத்தினாலும் கூம்பைப் பிடிக்காது.

தேய்வு வளையத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் அன்றே கண்டேன். வளையம் காவல் காக்காதபோது உறையும் கியர்ச் சில்லின் பற்களும் நேரடியாக மோதுகின்றன. கூராக இருக்கவேண்டிய பல்முனைகள் உருண்டுபோகும். பிறகு கியர் விழுந்தாலும் நிலைக்காது. ஓட்டத்தில் தானே கழன்று நியூற்றலுக்கு வந்துவிடும். என் காரில் முனைகள் மழுங்கத் தொடங்கியிருந்தனவேயன்றி முற்றாகப் போகவில்லை. பித்தளை மென்மையானதாகத் தெரிவுசெய்யப்பட்டதற்குக் காரணம், விலையுயர்ந்த உருக்குப் பாகங்கள் தப்பவேண்டும் என்பதே. பித்தளை போனதைக் கவனியாது விட்டால் உருக்கும் போகும்.

வளையங்களைப் பஞ்சிகாவத்தையில் வாங்கினோம். இரண்டாவதற்கு மட்டுமன்றி மற்றவற்றுக்கும் சேர்த்தே வாங்கினோம். வளையங்களின் விலையைவிடக் கழற்றிப் பூட்டும் கூலி பல மடங்கு அதிகம் என்பதால், திறந்த வேளையிலேயே எல்லாவற்றையும் மாற்றுவதே புத்தி. கிளச் தட்டையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

எண்ணெய் விடயத்தில் பாஸ் கண்டிப்பாக இருந்தார். ஜீ.எல்-4 என்று குறிப்பிடப்பட்ட எண்ணெயைக் கேட்கும் கியர்பொக்ஸுக்கு, எண் கூடியது நல்லது என்ற எண்ணத்தில் ஜீ.எல்-5 ஐ ஊற்றுவோர் பலர். கடும் அழுத்தத்தைத் தாங்குவதற்காக அதில் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்கள் சில பித்தளையை அரிக்கக்கூடியவை. அத்துடன் எண்ணெயின் வழுக்கும் தன்மையும் வளையத்தின் பிடியைக் குறைக்கலாம். இரண்டு தரங்களுக்கும் பொருந்துமாறு செய்யப்பட்ட எண்ணெய்களும் இன்று கிடைக்கின்றன. எதுவாயினும் வண்டியின் கைந்நூல் சொல்வதையே ஊற்றவேண்டும். உரசவேண்டிய இடத்தில் அளவோடு உரசத்தான் வேண்டும் என்பதை அன்று விளங்கிக்கொண்டேன்.

ஆசிரியர் காரை எடுத்துச்செல்ல வந்தபோது பழைய வளையத்தையும் அவரிடம் காட்டினேன். காலி முகத்திடலுக்கு அப்பால் ஒரு சுற்று ஓடியபோது இரட்டைக் கிளச்சையும் சொல்லிக்கொடுத்தேன். புதிய வளையத்துக்கு அது அவசியமில்லை. ஆனால் அந்த வளையம் போகும் நாளில் உதவும். இறங்கும் வளைவுக்கு முன்பே கியரை இறக்கிவிட வேண்டும், வளைவுக்குள் போய்த் தேடக்கூடாது என்றும் சொன்னேன்.

இந்த வித்தையைத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். தானியங்கிக் கார்களிலேயே பழகிய தலைமுறை ஒன்று வந்துவிட்டது. அதில் வருந்த ஒன்றுமில்லை. ஆயினும் எங்கள் நாட்டின் லொறிகளிலும் பஸ்களிலும் சிறிய கார்களிலும் பெருந்தொகையானவை இன்னமும் கையால் கியர் மாற்றப்படுபவையே. அவற்றுள் பல, இறக்குமதி நின்றிருந்த ஆண்டுகளில் கைக்குக் கை மாறியவை.

ஆகவே பழைய கார் வாங்கப்போகும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பவர் வண்டியைச் சூடாக்கி வைப்பதற்கு முன்னர், அதிகாலையிலேயே போங்கள். மூன்றாவது கியரில் மணிக்கு 35, 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி, அவசரப்படாமல் இரண்டாவதற்கு இறக்கிப் பாருங்கள். பிறகு சற்று விரைவாக இறக்கிப் பாருங்கள். இரண்டாவதில் அக்சிலேற்றரை அழுத்திச் சட்டென்று விடுங்கள்; தடி தானாகக் கழன்றால் வேறு வண்டி தேடுங்கள். விற்பவர் வானொலியைப் போட்டால் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

விற்கப்போகும் அன்பர்களுக்கும் ஒன்று உண்டு. அந்த வண்டி எந்த வீதியால் இறங்கப்போகிறது என்று வாங்குபவரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அதன்பிறகு எந்த எண்ணெயை ஊற்றுவது என்று தீர்மானியுங்கள்.